பின்னால் போனால் கலங்கல்தான்

1

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தென்மேற்குக் காற்று, மழை வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கொடியிலிருந்து மகள் நிவேதாவின் பள்ளிச் சீருடையை எடுத்துக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. ஆக்லாந்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சிறிய புல்தரையில் நின்றுதான் நான் ஊர்ச் செய்திகளைக் கேட்பது. உள்ளே வைத்துக் கேட்டால் மனைவிக்கு ஒரு கருத்து இருக்கும், மகளுக்கு அதற்கு நேரெதிரான கருத்து இருக்கும், செய்தி முழுதாகக் காதில் விழாது.

"நிவேதாப்பா, நான் கன்னியம்மா பேசுறேன். வர்ற வெள்ளிக்கெழம கோட்டக்குப்பத்துல கூட்டம். எங்க மேட்டுல கழி நட்டு வலை கட்டப் போறாங்களாம். உங்க அண்ணன், எங்களுக்காக அவரே பேசிடுறேன்னு சொல்றாரு. நல்லவருதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அவருக்கு அந்த மேடு தெரியாது. நாங்களே பேசிக்கிறோம்னு அவராண்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

இரண்டு முறை கேட்டேன். வெளிநாட்டில் இருப்பவன் சொன்னால் ஊரில் கேட்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை என்பது வெளிநாட்டில் இருப்பவனுக்கு மட்டும்தான் தெரியும்.

2

பழவேற்காடு ஏரியைப் பார்த்திராதவர்களுக்காக இதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது கோட்டைக்குப்பத்து மீனவக் குடும்பம். கடலிலும் தொழில், ஏரியிலும் தொழில். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஊர்வரி கட்டும் தலைக்கட்டு உள்ள குடும்பங்கள் முறை வைத்துப் பாடு எடுக்கும். நைனா, என் அப்பா, இருந்தவரை எங்கள் வீட்டுப் பாட்டை அவர் பார்த்துக்கொண்டார். இப்போது அண்ணன் மாசிலாமணி பார்க்கிறார். ஊர்ப் பஞ்சாயத்திலும் அவர் ஒருவர்.

அதே ஏரியில், இந்த முறைக்குள் வராதவர்களும் தொழில் செய்கிறார்கள். ஏரியோரம் குடியிருக்கும் இருளர் குடும்பங்கள். படகு இல்லை, வலை இல்லை. முழங்கால் ஆழத்தில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஆகவே வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. எங்கள் ஊரில் யாராவது பதில் சொல்லாமல் நின்றால், "இன்னா, வாயில பறி கீதா?" என்று கேட்பது வழக்கம். கேட்பவர்கள் இதில் யாரையும் கேலி செய்வதாக நினைப்பதில்லை.

கன்னியம்மா அந்தக் குடியிருப்புப் பெண். இருபது, இருபத்தொன்று இருக்கும். சென்ற ஜனவரியில் நைனாவின் திதிக்காக ஊருக்குப் போனபோது நிவேதாதான் முதலில் அவளோடு பழகத் தொடங்கினாள். என் மகளுக்குப் பதினைந்து வயது. ஊரில் இறங்கியதும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவளோ மூன்றாம் நாள் காலையில் கறுப்புக் கால்சட்டையோடு ஏரிக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

நான் கரையில் நின்று பார்த்தேன். ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையாக, தோளுக்குத் தோள், சேற்றைத் தடவியபடி மெல்ல நகர்ந்தார்கள். நிவேதா பயந்துகொண்டு கன்னியம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே போனாள். கொஞ்ச தூரம் போனதும் கன்னியம்மா நின்று, பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னாம்மே, எம் பின்னாடியே வர்ற? பின்னால வந்தா கலங்கல்தான் கெடைக்கும். நான் மிதிச்ச சேத்துல எறா நிக்குமா? பக்கத்துல வா."

"சாரி அக்கா."

"சாரி எறாவாண்ட சொல்லு."

வரிசையில் கன்னியம்மா நடுவில் இல்லை, ஆழமான பக்கத்து ஓரத்தில் இருந்தாள். ஏன் என்று அன்று மாலை கேட்டேன். "வழி தெரிஞ்சவங்க அங்கதான் போவணும். பள்ளம் வந்தா அந்தக் காலுக்குத்தான் மொதல்ல தெரியும்" என்றாள். பள்ளம் தட்டினால் பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிப்பாள். அவர் அடுத்தவரை இடிப்பார். வரிசை முழுவதும் திரும்பிவிடும். ஒரு வார்த்தை செலவாகாது.

3

அவள் கேட்ட மேட்டைப் பற்றி.

காலவாய் என்று நாங்கள் சொல்லும் கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் இருக்கும் சேற்று மேடு அது. ஊரில் அதைக் காலவாய் மேடு என்போம். கன்னியம்மாவின் ஆட்கள் தொட்டில் மேடு என்பார்கள். மழை மாதங்களில் ஏரி நிறைந்துவிட்டால் அவர்களுக்குக் கால் நிலைக்கும் இடம் ஏறக்குறைய அது ஒன்றுதான். அதுவும் இல்லாவிட்டால், இந்த மழை எட்டாத வெளிமாநிலத்துச் செங்கல் சூளை. முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றிப் போவார்கள். பிள்ளைகளும் போவார்கள். ஏழாவது படிக்கும்போது கன்னியம்மாவும் அப்படிப் போனாள். திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து படித்துப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். அந்தக் குடியிருப்பில் அவள்தான் முதல். அவளுக்குப் பின்னால் இப்போது பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் லாரி ஏறக் கூடாது என்பதுதான் அவள் வேண்டுவது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் மேட்டைப் பற்றியதாக இருக்கலாம். அவளுக்கு அது லாரியைப் பற்றியது.

அந்தப் பிள்ளைகளை வைத்து அவள் ஒரு வேலை செய்கிறாள். வாரம் ஒரு சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் உட்காருவார்கள். ஒவ்வொருவரும் ஏரியில் ஓர் இடத்தின் பெயரையும் அந்தப் பெயர் வந்த கதையையும் கொண்டுவர வேண்டும். மாமனார் மேடு: சேற்றில் தொடைவரை மாட்டிக்கொண்ட ஒருவரை ஓர் இளைஞன் பிடித்து இழுத்தான், இழுக்கும்போதே பெண் கேட்டான், பாதி வெளியே வந்திருந்தவர் வேறு வழியில்லாமல் சம்மதித்தார். நண்டு கோவிச்ச குழி: அதற்கு மூன்று கதைகள், மூன்றுக்கும் ஆள் உண்டு, ஒவ்வொரு வாரமும் சண்டை. புதிய பெயர்களும் சேர்கின்றன. ஏரிக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் கைப்பேசியில் நான்கு கோடு எடுக்கிறதாம். அது இப்போது சிக்னல் மேடு.

பொன்னேரியில் ஒரு தொண்டு நிறுவனம் இதைக் கேள்விப்பட்டு இவர்களைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அழைத்தது. அங்கே நடந்ததைக் கன்னியம்மா நிவேதாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். நிவேதா அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு எங்களையும் கூப்பிட்டாள்.

"ஒரு மேடம் வந்தாங்க நிவேதா. ரொம்ப நல்ல மாதிரி. மொதல்ல எங்க எல்லாருக்கும் தலையில எலை கட்டி வுட்டாங்க."

"இலையா? எதுக்கு?"

"பழங்குடின்னா எலை கட்டணுமாம். இன்னா எலைன்னு கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. அப்புறம் நான் தலைவி, முன்னாடி நிக்கணும், இவங்கல்லாம் பின்னாடி நிக்கணும்னு சொன்னாங்க. நான் முன்னாடி போறேன், இதுங்க எல்லாம் வந்து பக்கத்துல நிக்குதுங்க. 'பின்னாடி, பின்னாடி'ன்றாங்க மேடம். நான் இன்னோர் அடி வெக்கிறேன், இதுங்களும் வருதுங்க. கடைசியில எல்லாரும் செவுத்துல போய் முட்டிக்கினோம்."

மனைவி சிரித்து, சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ ஏன் அக்கா அவங்களைப் பின்னாடி நிக்கச் சொல்லல?"

"எப்டி சொல்றது? யோசிச்சிக்கினா நிக்குதுங்க? கால் தானா வருது. பின்னாடி நின்னு பழக்கமே இல்லியே."

பயிற்சியின் முடிவில் குழு ஒருங்கிணைப்பில் இவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்களாம். சான்றிதழ் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது.

4

இங்கே என் வேலை தண்ணீர் பார்ப்பது. நகர நிர்வாகத்தின் நீர்ப் பரிசோதனைப் பிரிவு. கழிமுகங்களிலும் சேற்று நிலங்களிலும் தண்ணீர் எடுத்துப் புட்டியில் அடைத்து, இடமும் நேரமும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவேன். ரப்பர் பூட்ஸ், கையுறை எல்லாம் உண்டு. சேற்றில் நின்று பிழைப்பது என்று பார்த்தால் நான் ஊரிலிருந்து அதிக தூரம் வந்துவிடவில்லை.

ஒரு கழிமுகத்தில் புதிய குழாய் போடுவதென்றால், அந்த இடத்துக்குரிய மாவோரி மக்களை, இந்த நாட்டின் பூர்வகுடிகளை, அழைத்துப் பேச வேண்டும். சென்ற மாதம் அப்படி ஒரு கூட்டம். அவர்கள் பக்கம் முதலில் பேசியது ஓர் இளம்பெண். அந்தச் சேற்றில் எந்தச் சிப்பி எங்கே இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்று ஒவ்வோர் இடமாகப் பெயர் சொல்லிப் பேசினாள். எங்கள் அதிகாரிகள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. தேநீர் நேரத்தில், நன்றாகப் பேசினீர்கள் என்று அவளிடம் சொன்னேன். "கேட்டுவிட்டு, நினைத்த இடத்தில்தான் குழாய் போடுவார்கள்" என்றாள். "ஆனால் கேட்காமல் போட முடியாது. இந்த அளவுக்கு வரவே எங்களுக்கு இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது." பிறகு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.

நிவேதாவின் பள்ளியில், எழுந்து நின்று தன்னை அறிமுகம் செய்யும்போது முதலில் தன் மலையை, தன் நீரை, தன் மக்களைச் சொல்லி, கடைசியில்தான் பெயரைச் சொல்ல வேண்டும். மாவோரி முறை. வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஆசிரியை, இங்குள்ள மலையை உன்னுடையது என்று சொல்லாதே, நீ வந்த நீரைச் சொல் என்றிருக்கிறார். இவள் பழவேற்காடு ஏரி என்று சொல்லியிருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். எனக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் படவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, அந்த லேக் நம்மளோடதா, கன்னியம்மா அக்காவோடதா?"

"ரெண்டு பேரோடதும்தான்."

"அப்போ பாடு ஏன் உங்களுக்கு மட்டும் இருக்கு?"

ஏரியைச் சொல்லும்போது நம்மளோடது, பாட்டைச் சொல்லும்போது உங்களுக்கு. பிள்ளைகள் நம்மைவிட்டு நகர்ந்து போகிறார்கள் என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் ஓயாமல் பேசிக்கொள்கிறோம். எந்தத் திசையில் நகர்கிறார்கள் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. சாதம் போதுமா என்று கேட்டேன். அவள் பதிலுக்குக் காத்திருப்பது தெரிந்தது.

அலுவலகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே குடியுரிமைக்கு எழுதும்போது நைனாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து வரிக் கடிதங்கள் எல்லாம் நைனாவை மரியாதையாக விளித்தே வருகின்றன. இதை நான் ஒரு துன்பமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், கன்னியம்மா தன் சாதிச் சான்றிதழ்க் கதையைச் சொல்லும்வரை. அவள் அப்பாவிடம் சான்று இல்லை என்பதால் இவளுக்கும் தர முடியாது என்று பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியாக விசாரிக்க வந்தவர், "பாம்பு புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டாராம்.

"தெரியாது சார். எறா புடிப்பேன்."

"இருளர்னா பாம்பு புடிக்கணுமேம்மா."

"எங்க பக்கம் பாம்பவிட எறாதான் சார் ஜாஸ்தி."

இன்னும் சான்றிதழ் வரவில்லை.

5

செவ்வாய்க்கிழமை அண்ணனை அழைத்தேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டது, என்ன சொல்வதென்று யோசித்ததால். யோசித்த எதையும் சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை.

"அண்ணா, வெள்ளிக்கெழம கூட்டத்துல அந்தப் பொண்ணே பேசட்டுமே."

"கூட்டம்னு உனக்கு யாரு சொன்னா? இங்க ஒருத்தன் தும்முனா நீ அங்க மூக்கத் தொடைக்கிறியே."

"கன்னியம்மாதான் சொன்னா."

"டேய், பாடு இருக்கறவந்தான் கூட்டத்துல வாய் தொறக்கணும். நம்ம வூட்டுப் பொம்பளைங்களே பேசறதில்ல. நான் இன்னா அவங்களுக்கு எதிராவா பேசப் போறேன்? நைனா காலத்துலருந்து அவங்களுக்கு ஒண்ணுன்னா நம்ம வூடுதான பேசுது?"

"அதுக்குதாண்ணா சொல்றேன். இனிமே..."

"இன்னா இனிமே? மொகத்துவாரம் அடச்சிக்கினு கீது. கடத்தண்ணி ஏரிக்குள்ள ஏறல, மீனும் ஏறல. நம்ம ஆளுங்களும் கழிய எங்க நடுவானுங்க, என் தலையிலயா? நான் ரெண்டு பக்கத்தையும் பாத்து நோவாம பேசணும். அந்தப் பொண்ணு வந்து பட்டுனு ஒண்ணு சொல்லிச்சின்னா அவ்ளோதான், மேடும் போச்சு, பேச்சும் போச்சு. நீ தண்ணிய பாட்டில்ல புடிச்சிப் பாக்கிற வேலயப் பாரு."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முகத்துவாரம் அடைத்துக்கொண்ட வருடங்களில் எங்கள் ஆட்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அண்ணன் மகனே கடலை விட்டு எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

கன்னியம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, அவரேதான் பேசுவாராம், மன்னித்துக்கொள் என்று. உடனே பதில் வந்தது.

"சரி நிவேதாப்பா. அவரே பேசட்டும். நாங்க வந்து நிக்கலாமில்ல? நிக்கக் கூடாதுன்னு எதுனா கீதா?"

நிற்கக் கூடாது என்று எந்த முறையும் எனக்குத் தெரிந்து இல்லை. அப்படியே எழுதி அனுப்பினேன்.

6

வெள்ளிக்கிழமை. ஊரில் காலை, இங்கே மாலை. வேலையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். நிவேதா பக்கத்தில். அண்ணி, மீன் ஏலம் போடும் கொட்டகையின் ஓரத்தில் பெண்களோடு நின்றபடி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"தம்பி, தெரியுதா?"

"உங்க கட்டை விரல்தான் அண்ணி தெரியுது."

"இப்ப?"

இப்போது தெரிந்தது. ஜமுக்காளத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஊர்த் தலைவர். எதிரே கன்னியம்மாவும் அவள் கூட்டத்துப் பிள்ளைகளும், பையன்களும் பெண்களுமாக ஏழெட்டுப் பேர், ஒரே வரிசையாக நின்றார்கள். தலைவாரி, சலவை உடுப்பு. இலை எதுவும் இல்லை. கன்னியம்மா ஓரத்தில் நின்றாள், ஏரி இருக்கும் பக்கத்து ஓரம்.

அண்ணன் எழுந்து அவர்களுக்கு முன்னால் போய் நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். இவங்க நம்ம ஏரிக்கரை ஜனங்க. இவங்க சார்பா நான்..."

வரிசை ஓர் அடி முன்னால் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றது.

அண்ணன் இருபுறமும் பார்த்துவிட்டு ஓர் அடி முன்னே வைத்தார். "இவங்க சார்பா நான் இன்னா சொல்றேன்னா..." வரிசையும் வந்தது. குறும்பு இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் தெரியும், பயத்தில் வெளுத்துப் போயிருந்தார்கள். பயந்தால் பழகியதைத்தான் கால் செய்யும். அண்ணன் மறுபடி ஓர் அடி வைத்தார். அவர்களும் வைத்தார்கள். அண்ணனின் கால் தலைவரின் முழங்காலில் இடித்தது.

"யோவ் மாசிலாமணி, இன்னோர் அடி வெச்சா என் மடியிலதான் குந்தணும்."

கொட்டகையே சிரித்தது. அண்ணியின் கை குலுங்கியதில் எனக்குக் கூரை தெரிந்தது, பிறகு ஒரு காக்கை, பிறகு மறுபடி ஆட்கள்.

"தே, பின்னாடி நில்லுங்களேம்மே!" என்றார் அண்ணன்.

"பின்னாடி நிக்கத் தெரியாது பெரியவரே" என்றாள் கன்னியம்மா. மெதுவாகத்தான் சொன்னாள்.

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, எப்டியோ நில்லுங்க. மாசிலாமணி, இவங்க கேக்கிற மேடு எங்கேர்ந்து எது வரைக்கும்? அதச் சொல்லு" என்றார்.

"அதான்... காலவாயாண்ட... அந்தத் திருப்பத்துல..."

"அந்தத் திருப்பத்துலருந்து?"

அண்ணன் வாயைத் திறந்து மூடினார். எங்கள் படகுகள் அந்தப் பக்கம் போவதில்லை, தட்டும். அவருக்கு எப்படித் தெரியும்?

"இன்னா மாசிலாமணி, வாயில பறி கீதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எதிரே நிற்பவர்கள் யார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். அந்த அமைதியில்தான் கன்னியம்மா பக்கத்துப் பையனை முழங்கையால் இடித்தாள்.

"பாலத்தாண்டேர்ந்து மொதல்ல மாமனார் மேடு" என்றான் அவன். "தொடை வரைக்கும் சேறு. வெயில் காலத்துல மட்டும் எறா கெடைக்கும்." அடுத்தவளை இடித்தான்.

"அப்புறம் நண்டு கோவிச்ச குழி. அது குழி, அங்க நாங்க எறங்க மாட்டோம்." அவள் இடித்தது அண்ணனை. இப்போது அவர்தான் வரிசையில் அடுத்தவர். என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணன் தனக்கு அடுத்த பெண்ணை இடித்தார்.

"பெரியப்பா!" என்று நிவேதா மேசையைத் தட்டினாள்.

அந்தப் பெண் சிப்பித் திட்டைச் சொன்னாள். அவளுக்கு அடுத்தவன் இரண்டு ஓடைகளைச் சொன்னான். கரையோரமாக நடந்து போவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் வந்தன. வரிசையின் கோடிவரை போய்த் திரும்பி வந்து கன்னியம்மாவிடம் நின்றன.

"அதுக்கு அந்தாண்ட தொட்டில் மேடு. அதத்தான் கேக்கிறோம்."

"தொட்டிலு இன்னாத்துக்கு?" என்றார் தலைவர்.

"அந்தக் காலத்துல எங்க ஆளு ஒரு பொம்பள பச்சப் புள்ளையோட எறா தடவ வந்துக்கீது. புள்ளைய எங்க வுடும்? அன்னிக்கு அந்த மேட்டுல இந்த ஊரு ஆளு ஒருத்தரோட கழிங்க நின்னுக்கீது, வலை கட்டுற கழி. ரெண்டு கழிக்கு நடுவுல பொடவயக் கட்டி, தொட்டில் போட்டுட்டு எறங்கிடுச்சு. கழிக்காரரு படகுல வந்து பாத்தாரு. பாடு முடிஞ்சி போச்சு, கழியப் புடுங்கணும். தொட்டிலப் பாத்துட்டு அப்டியே திரும்பிட்டாரு. மறுநாளும் வந்தாரு, மறுபடி தொட்டிலு. புள்ள நடக்கற வரைக்கும் அவரு அந்தக் கழியப் புடுங்கலயாம். வேற கழி வெட்டிக்கினாராம்."

"யாரு அது?"

"பேரு தெரியாதுங்க. இந்த ஊரு ஆளுதான்."

பிறகு ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"எங்க தாத்தாவோட அப்பா அந்தப் பக்கம்தான் பாடு எடுப்பாருன்னு சொல்லுவாங்க."

"உங்க தாத்தா ஒரு நாள் கழிய வுட்டு வெப்பாரா? பக்கத்து ஆளு கழியவே புடுங்கினு வருவாரு. அது எங்க பெரிய பாட்டனாருதான் இருக்கணும்."

"எங்க வூட்டுலயும் சொல்லிக்கிறாங்க..."

"பாருங்க தம்பி" என்று அண்ணி கைப்பேசிக்குள் கிசுகிசுத்தார். "இப்ப எல்லாருக்கும் அங்கதான் தாத்தா கழி நட்டாரு."

ஒருவர் மட்டும் இதில் சேரவில்லை. இளைஞர், மேட்டில் கழி நட வேண்டும் என்று கேட்டவர்களில் ஒருவர். "கத சொன்னா மேட்டக் குடுத்துடுவீங்களா? எங்க புள்ளைங்க இன்னா துன்றது?" என்றார். கோபமாக இல்லை, கேள்வியாகவே கேட்டார். கன்னியம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க புள்ளைங்களும் துன்னணும்ணா. கழிய மேட்டுக்கு அந்தாண்ட, பள்ளத்துல நடுங்க. அங்க எங்க காலு நிக்காது, நாங்க வரமாட்டோம். எறா மேட்டுல பெருசாயி பள்ளத்துக்குத்தான எறங்கும்? உங்க வலைக்குத்தான் வரும். மேட்ட மட்டும் எங்க காலுக்கு வுட்டுடுங்க. அது இல்லேன்னா இந்தப் புள்ளைங்க மழைக்கு சூளைக்குப் போவும். நான் போயிட்டு வந்தவ. அதான் கேக்கிறேன்."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அண்ணன் இன்னும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். "அது சொல்றது சரியாத்தான் கீது" என்றார், யாரும் கேட்காமலே.

முடிவு இதுதான்: இந்த மழைக்கு மேட்டில் கழி நடுவதில்லை, அதற்கு அப்பால் பள்ளத்தில் நட்டுப் பார்ப்பது. அடுத்த பாட்டுக் கூட்டத்தில் மறுபடி பேசுவது. அந்தக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைப்பது. நிரந்தரமான உரிமை என்று எதுவும் இல்லை. ஒரு மழைக்காலத்துக்கு மட்டும்.

நிவேதா எழுந்து தண்ணீர் குடித்தாள். "அக்கா ஜெயிச்சுட்டாங்களாப்பா?" என்றாள். கழிமுகக் கூட்டத்தில் அந்த மாவோரிப் பெண் இரண்டு தலைமுறை ஆனது என்று சொன்னதை அவளிடம் சொன்னேன். "பட் அக்காவுக்கு ஒரே மார்னிங்தானே ஆச்சு" என்றாள்.

7

அடுத்த ஞாயிறு அண்ணனே அழைத்தார். அவராக அழைப்பது அபூர்வம். நான் கேட்டதைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. வலை விலை, அண்ணியின் முட்டிவலி, மகன் வேலை என்று சுற்றிவிட்டு நின்றார்.

"ஊர்ல சிரிக்கிறானுங்கடா."

"உங்களப் பாத்தா?"

"பின்ன யாரப் பாத்து? எதிர்ல வந்தா முழங்கையால இடிக்கிறானுங்க."

"அண்ணி சொன்னாங்க, நீங்க நல்லா நின்னீங்கன்னு."

"நான் எங்கடா நின்னேன். அவங்க வந்து நிறுத்திட்டாங்க." சற்றுப் பொறுத்து, "நேத்து சூளை லாரி வந்துச்சு. அவங்க கொட்டாயாண்ட ரொம்ப நேரம் நின்னுச்சு. ஒருத்தரும் ஏறல. காலியாப் போச்சு" என்றார்.

அவர் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"அந்தக் கழிக்காரரு... நைனா உன்னாண்ட எதுனா சொல்லிக்கிறாரா? நம்ம தாத்தா அந்தப் பக்கம் பாடு எடுத்தாருன்னு?"

"இல்லண்ணா."

"என்னாண்டயும் சொல்லல." பெருமூச்சு விட்டார். "சரி வுடு. இப்ப வேற பேஜாரு. அடுத்த கூட்டத்துக்கு அவங்கள எங்க குந்த வெக்கிறதுன்னு ராத்திரிலாம் பேச்சு. பின்னாடி குந்த வெக்கலாம்னு ஒருத்தன் சொன்னான். நீ வேற, குந்துவாங்களான்னு தலைவரே கேட்டுட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. இருக்கிற ஜமுக்காளம் பத்தாது. திங்கக்கெழம பொன்னேரி போறேன். நீளமா ஒண்ணு வாங்கியாரணும்."